பேசியவர்கள் பட்டியல்

(தலைப்பு: பள்ளிக் கல்வியில் பிள்ளைகளை நிமிர வைப்பது எழுத்துத் திறனா, பேச்சுத் திறனா? கோயில் கொடையின் இரண்டாம் நாள் இரவு நடந்த பட்டிமன்றத்தில், ‘பேச்சுத் திறனே’ அணியின் கடைசிப் பேச்சாளராக ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை பேசியது.)

நடுவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் பேசிய என் அணியினரே, எதிரே உட்கார்ந்திருக்கும் எழுத்துத் திறன் அணியினரே, அடுத்து நடக்கப்போகிற வில்லுப்பாட்டுக்கு இடம் பிடிக்க இப்போதே பாய் விரித்துவிட்ட ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் எதிரணித் தலைவருக்கு நன்றி சொல்லிவிடுகிறேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எனக்கே ஒரு காலத்தில் தலைமையாசிரியராக இருந்தவர். “எழுத்துதான் நிற்கும், பேச்சு காற்றோடு போய்விடும்” என்று இருபது நிமிஷம் முழங்கினார். கையில் துண்டுச் சீட்டுகூட இல்லை. ஐயா, நீங்கள் சொன்னதுதான் சரி என்றால், அதை நாலு பக்கம் எழுதி நடுவர் கையில் கொடுத்துவிட்டு, பந்தலுக்குப் பின்னால் போய்ச் சுக்குக் காப்பி குடித்திருக்கலாமே. ஏன் தொண்டை வறளப் பேசினீர்கள்? பேசினால்தான் இந்தப் பாயில் இருக்கிறவர்கள் மனசுக்குள் போகும் என்று உங்களுக்குத் தெரியும். காற்றோடும் போகவில்லை ஐயா. நீங்கள் சொன்னதை ஒன்றுவிடாமல் வைத்துத்தான் நான் இப்போது பேசப்போகிறேன்.

சரி, ஒரு வகுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். வாத்தியார் ஆபீஸ் ரூமுக்குப் போயிருக்கிறார். லீடர் பையன் எழுந்து சாக்பீஸை எடுக்கிறான். கரும்பலகையின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுக்கிறான். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தலைப்பு எழுதுகிறான். என்ன தலைப்பு?

பாருங்கள், பாயில் இருந்து பத்துக் குரல் வருகிறது! ‘பேசியவர்கள்’! எந்த ஊர்ப் பள்ளியில் படித்தவரைக் கேட்டாலும் இதே பதில்தான். எந்தப் பாடத்திட்டக் குழுவும் உத்தரவு போடவில்லை, எந்த அரசாணையும் வரவில்லை, தலைமுறை தலைமுறையாக இந்தப் பட்டியல் மட்டும் தப்பாமல் நடக்கிறது. பேர் எழுதின பிறகும் பேசினால் பக்கத்தில் ஒரு இண்டு மார்க். மறுபடி பேசினால் இன்னொரு இண்டு. நாலு இண்டு வாங்கியவனுக்கு ‘மிக அதிகம்’ என்று பட்டம். லீடருக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தவன் பேர் மட்டும் வாத்தியார் வருவதற்குள் அழிந்துவிடும். அது தனி அரசியல், அதற்குள் நான் போகவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் நாம் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற முதல் குற்றம் எது? பேசுவது. முதல் நாள் போடுகிற முதல் கட்டளை எது? “கையைக் கட்டு, வாயைப் பொத்து.” வீட்டில் மூணு வயசில் இருந்து “அது ஏன் அப்படி, இது ஏன் இப்படி” என்று நச்சரித்த பிள்ளை, பள்ளிக்கூடத்துக்கு வந்து ஆறே மாசத்தில் ஒரே ஒரு வாக்கியம் பேசுகிற பிள்ளையாக மாறிவிடுகிறது. “புரிஞ்சுதா?” “புரிஞ்சுது டீச்சர்ர்ர்.” வில்லுப்பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ‘ஆமா’ போடுகிறவர் ஒருத்தர்தான். நம் வகுப்பில் நாற்பது பேர் ‘ஆமா’ போடுகிறார்கள். வில்லில் இருப்பவராவது எதிர்க்கேள்வி கேட்டுக் கதையை நகர்த்துவார். இங்கே அதுவும் கிடையாது.

இந்த இடத்தில் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் ஒரு கேள்வி கேட்டார். “பேச்சுத் திறனுக்குத்தான் பேச்சுப் போட்டி வைக்கிறோமே, ஆண்டு விழாவில் பேச விடுகிறோமே, இன்னும் என்ன வேண்டும்?” என்றார். அம்மா, அந்தப் பேச்சுப் போட்டியைப் பற்றி ஒரு ஐந்து நிமிஷம் பேச நான் ரொம்ப நாளாகக் காத்திருக்கிறேன்.

பேச்சுப் போட்டி எப்படி நடக்கிறது? பேச்சை எழுதுவது தமிழ் வாத்தியார். அதை நாலு நாள் மனப்பாடம் செய்வது பிள்ளை. எங்கே கையை நீட்ட வேண்டும், எங்கே குரலை உயர்த்த வேண்டும் என்று வீட்டுக் கண்ணாடி முன்னால் பயிற்சி கொடுப்பது அம்மா. மேடையில் ஏறினதும் “அவையோர் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்” என்று ரயில் கிளம்பும். நடுவில் ஒரு வரி மறந்தால் என்ன ஆகும்? நின்ற இடத்தில் இருந்து கிளம்பாது. திரும்பவும் “அவையோர் அனைவருக்கும்” என்று முதல் ஸ்டேஷனுக்கே போய்விடும். அந்தப் பிள்ளையை மேடையைவிட்டு இறங்கினதும் கூப்பிட்டு, “நீ காமராசரைப் பத்திப் பேசினியே, அவர் செஞ்சதுல உனக்கு எது பிடிச்சுது?” என்று கேட்டுப் பாருங்கள். அம்மா முகத்தைப் பார்க்கும். அது பேச்சுத் திறன் இல்லை அம்மா. அது வாய்வழியாக வந்த எழுத்து. அந்தக் கோப்பை உங்கள் அணிக்குச் சேர வேண்டியது, எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அணி பேச்சு என்று சொல்வது இதை இல்லை. ஒரு பிள்ளை தனக்குப் புரியாததைப் புரியவில்லை என்று சொல்கிறது பாருங்கள், அது பேச்சு. பக்கத்துப் பிள்ளையிடம் “நீ சொல்றது தப்பு, ஏன்னா...” என்று தொடங்குகிறதே, அந்த ‘ஏன்னா’ இருக்கிறதே, அது பேச்சு. மைக்கும் சால்வையும் கிடையாது. கோப்பையும் கிடையாது.

எதிரணித் தலைவர் வள்ளுவரைச் சாட்சிக்கு அழைத்தார். எண்ணும் எழுத்தும் கண் என்று வள்ளுவரே சொல்லிவிட்டார், வழக்கு முடிந்தது என்றார். ஐயா, நீங்கள் சொன்ன குறள் கல்வி அதிகாரத்தில் இருக்கிறது. கொஞ்சம் பக்கத்தைப் புரட்டுங்கள். கல்விக்கு 40ஆம் அதிகாரம், கேள்விக்கு 42ஆம் அதிகாரம். அப்புறம் 65 சொல்வன்மை. 72 அவையறிதல். 73 அவையஞ்சாமை. கேட்பதற்கும் பேசுவதற்கும் சேர்த்து நாலு அதிகாரம், நாற்பது குறள். எழுதுவது எப்படி என்று தனியாக ஒரு அதிகாரம் 133இல் எங்கேயாவது இருக்கிறதா? கற்றதை அடுத்தவருக்குப் புரியும்படி விரித்துச் சொல்லத் தெரியாதவரை, கொத்துக் கொத்தாய்ப் பூத்தும் மணக்காத பூ என்கிறது சொல்வன்மை அதிகாரத்தின் கடைசிக் குறள். நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிவிட்டு, வாங்கின பாடத்தில் ஒரு கேள்வி கேட்டால் விழிக்கிற பிள்ளைகளை அந்த மனுஷன் எங்கே பார்த்தார் என்று தெரியவில்லை.

வள்ளுவரையும் விடுங்கள். இலக்கணம் எழுதிய பவணந்தி முனிவர், பதின்மூன்றாம் நூற்றாண்டுக்காரர், நன்னூலின் பாயிரத்தில் மாணவன் எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லும்போது ஒரு கணக்குப் போடுகிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு ஒழுங்காகக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குக் கால் பங்குதான் ஏறும். கூடப் படிக்கிறவர்களோடு சேர்ந்து பேசிப் பழகினால் இன்னொரு கால். மிச்சம் அரைப் பங்கு இருக்கிறதே, அது எப்போது வரும்? தான் கற்றதைத் தானே அடுத்தவருக்குச் செவ்வையாக எடுத்துச் சொல்லும்போது. நடுவர் ஐயா, கணக்கைக் கவனியுங்கள். முக்கால் பங்கு பேச்சில் இருக்கிறது! அந்த முக்கால் பங்கைத்தான் நாம் கரும்பலகையின் ஓரத்தில் பேர் எழுதி அடித்துக்கொண்டிருக்கிறோம். எதிரணி இப்போது “அந்தக் காலத்தில் காகிதம் இல்லை, அதனால் வாயை நம்பினார்கள்” என்று சொல்லும். ஓலை இருந்ததே ஐயா. நன்னூலே ஓலையில்தானே வந்தது.

சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளி ஒன்றை 1789 முதல் நடத்தினார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். எதிரணி கைதட்ட வேண்டாம், கதை இன்னும் முடியவில்லை. ஆசிரியர்கள் போதவில்லை என்றதும், கொஞ்சம் தெரிந்த பிள்ளையைத் தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வைத்தார். நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை மாதிரி. சொல்லிக் கொடுத்த பிள்ளைக்கும் பாடம் நன்றாக ஏறியது. 1797இல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தெல்லாம் பரவியது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் அவர் பணத்தில் எழும்பிய பள்ளிக்கு இன்றைக்கும் பெயர் ‘மெட்ராஸ் காலேஜ்’. மெட்ராஸ் தன் பெயரை மாற்றிக்கொண்டது. அந்தப் பள்ளி மாற்றவில்லை.

சரி, பெரிய மனிதர்களை விட்டுவிட்டு என் வகுப்புக்கு வருகிறேன். நான் ஒன்றியத் தொடக்கப் பள்ளி டீச்சர், நாலாம் வகுப்பு. ஒரு பையன் 52இல் 38ஐக் கழித்து 26 என்று எழுதியிருந்தான். சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டேன். அடுத்த கணக்கு 71இல் 45. அதற்கு 34 என்று எழுதியிருந்தான். அதற்கும் ஒரு பெருக்கல் குறி. இப்படிப் பத்துக் கணக்குக்கு ஏழு தப்பு. அவன் எழுத்து என்ன சொல்லியது? ‘இவனுக்குக் கணக்கு வராது’ என்று சொல்லியது. நானும் அதைத்தான் நம்பினேன். இரண்டு வாரம் நம்பினேன், வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் ஒருநாள் பொறுமையாக இருந்தேன்போல. “ஏலே, இந்த 26 எப்படி வந்துச்சுன்னு சொல்லு” என்றேன். அவன் சொன்னான், “ரெண்டுல எட்டு போகாதுல்லா டீச்சர். அதான் எட்டுல ரெண்டைக் கழிச்சேன். ஆறு. அஞ்சுல மூணு போனா ரெண்டு. இருபத்தாறு.”

பத்து வினாடி. அவனுக்குக் கணக்கு வராமல் இல்லை. கடன் வாங்கிக் கழித்தல் என்கிற ஒரே ஒரு படி புரியவில்லை. பெரியதில் இருந்து சிறியதைத்தான் கழிக்க முடியும் என்று நான் முதலில் சொல்லிக் கொடுத்ததை அவ்வளவு விசுவாசமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறான்! தப்பு என்னுடையது. தாளில் இருந்த 26, தப்பு என்று மட்டும்தான் சொல்லியது. ஏன் தப்பு என்று அவன் வாய்தான் சொல்லியது. நோட்டை எத்தனை தடவை திருத்தினாலும் அந்த ‘போகாதுல்லா’ எனக்குக் கிடைத்திருக்காது.

இப்போது நம் எதிரணித் தம்பி. அருமையான தம்பி. குரூப் 4 தேர்வு எழுதி விஏஓ ஆகியிருக்கிறார், ஊரே பெருமைப்படுகிறது. “என்னை நிமிர வைத்தது எழுத்து, என் வேலை எழுதி வாங்கிய வேலை” என்றார். தம்பி, தப்பாக நினைக்காதே, அந்தத் தேர்வில் 200 கேள்விக்கு நீ என்ன எழுதினாய்? வட்டத்தைக் கருப்பு அடித்தாய்! எழுத்துத் தேர்வு என்று பேர், அதில் ஒரு வாக்கியம்கூட எழுதச் சொல்லவில்லை. சரி, வேலைக்கு வந்தபிறகு என்ன செய்கிறாய்? காலையில் ஆபீஸைத் திறந்தால் பட்டா மாறுதலுக்கு ஒரு பாட்டி நிற்கிறாள். “உங்க வீட்டுக்காரர் பேருல இருந்து மாத்தணும்னா வாரிசுச் சான்று வேணும் பாட்டி” என்று உட்கார வைத்து, அவளுக்குப் புரிகிற தமிழில், கோபப்படாமல், மூணு தடவை சொல்கிறாயே, அதை எந்த ஓஎம்ஆர் ஷீட் சோதித்தது? எந்தப் பள்ளிக்கூடம் சொல்லிக் கொடுத்தது? உன் அம்மாவிடம் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாய். எல்லாருக்கும் அப்படி ஒரு அம்மா அமைவதில்லை, தம்பி. அதற்குத்தான் பள்ளிக்கூடம்.

என் கதையைச் சொல்கிறேன். பிளஸ் டூவில் ஆங்கிலம் அப்போது இரண்டு தாள், 200 மதிப்பெண். நான் 171. பள்ளிக்கூடத்தில் கைதட்டினார்கள். வெளியூரில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன், பெயர் வேண்டாம். முதல் வாரம் வகுப்பில் எழுந்து “மேம், இது வெளங்கலை” என்று தமிழில் ஒரு சந்தேகம் கேட்டேன். வகுப்பே சிரித்தது. ஆங்கிலம் தெரியாததற்கு இல்லை, என் ஊர் ‘வெளங்கலை’க்குச் சிரித்தார்கள். பாடம் நடத்தியவரும் சிரித்தார். அதோடு வாயை மூடினேன். மூணு வருஷம். 171 மதிப்பெண் என் பெட்டிக்குள் இருந்தது, வெளியே வரவே இல்லை.

அந்தச் சிரிப்பு கல்லூரியில் தொடங்கவில்லை. ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. இதை நம் ஆசிரியர் நண்பர்கள் கோபப்படாமல் கேட்க வேண்டும். தமிழில் வீட்டுப் பேச்சு ஒன்று, ஏட்டுத் தமிழ் ஒன்று. சார்லஸ் ஃபெர்குசன் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1959இல் இப்படி இரட்டை வழக்கு உள்ள மொழிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்து ஜெர்மன் என்று பேசிக்கொண்டு போகும்போது நம் தமிழையும் குறிப்பிட்டார். “மழை பெய்ததால் அவர்கள் செல்லவில்லை” என்று இந்த உலகத்தில் எந்த வீட்டிலும் எந்தப் பிள்ளையும் சொல்வதில்லை. “மழை பேஞ்சுதுன்னு போகல” என்றுதான் சொல்கிறது. ஐந்து வயசில் வகுப்புக்கு வந்து அப்படிச் சொன்ன உடனே நாம் என்ன சொல்கிறோம்? “தப்பு. பெய்ததுன்னு சொல்லு.” பிள்ளைக்கு என்ன கேட்கிறது? ‘என் அம்மா பேசுவது தப்பு’ என்று கேட்கிறது. அடுத்த தடவை கையைத் தூக்குமா?

அதற்காக ஏட்டுத் தமிழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வேண்டும், கட்டாயம் வேண்டும். ‘பேஞ்சுது’வில் இருந்து ‘பெய்தது’க்குப் போக ஒரு பாலம் வேண்டுமா இல்லையா? அந்தப் பாலம் பேச்சுதான். முதலில் தன் தமிழில் சொல்லட்டும், நாம் கேட்போம், அப்புறம் “இதையே புத்தகத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?” என்று கேட்போம். பிள்ளைகளுக்கு இது ஒரு விளையாட்டு. எங்கள் வகுப்பில் ‘அவுக வந்தாக’வை ‘அவர்கள் வந்தார்கள்’ ஆக்குவதற்குப் போட்டியே நடக்கும்.

எதிரணி, பிழையில்லாமல் எழுத வேண்டும் என்று மூச்சுக்கு மூச்சு சொன்னது. எழுத்துப் பிழை எங்கே பிறக்கிறது? ‘வாளப்பளம்’ என்று சொல்கிற வாய்தான் ‘வாளைப்பளம்’ என்று எழுதும். நாக்கு மடங்காத இடத்தில் பேனா மட்டும் மடங்குமா?

இந்தப் பேச்சுத் தமிழ் விஷயத்தில் நம்மைவிட ஒரு படி முன்னால் போனவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, பள்ளியில் தாய்மொழிப் பாடம். ஆனால் பல வீடுகளில் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார்கள். ஏட்டுத் தமிழை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் தமிழ் தேர்வறைக்கு உள்ளேயே நின்றுவிடும் என்று பார்த்தார்கள். 2005இல் பாடத்திட்டத்தைச் சீராய்ந்த குழு, பேச்சுத் தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவரச் சொன்னது. கொச்சை இல்லாத, நாம் மரியாதையாகப் பேசுகிற பேச்சுத் தமிழ். அங்கே தொடக்கப் பள்ளி முடிக்கிற பிள்ளை எழுதுகிற தேசியத் தேர்வில் தமிழ்த் தாளுக்கு மொத்தம் 200 மதிப்பெண். அதில் வாய்மொழிக்கு 50, கேட்டல் கருத்தறிதலுக்கு 20. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காதுக்கும் வாய்க்கும். பன்னிரண்டு வயசுப் பிள்ளை தேர்வாளர் எதிரே உட்கார்ந்து தமிழில் பேசியாக வேண்டும்.

இங்கே? தமிழ் பிறந்த வீட்டில், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழுக்கு 100. நூறும் எழுத்து. அதே தேர்வில் அறிவியலுக்கு 75 எழுத்து, 25 செய்முறை. ஏன்? உப்பின் பெயரை எழுதினால் போதாது, சோதனைக் குழாயைக் கையில் பிடித்துச் செய்தும் காட்ட வேண்டும் என்கிறோம். நியாயம். அப்படியென்றால் மொழிக்குச் செய்முறை எது நடுவர் ஐயா? பேசுவதுதானே! தண்ணீரில் இறங்காதவனுக்கு நீச்சலில் நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டிருக்கிறோம்.

எதிரணியின் கல்லூரிப் பேராசிரியை இதற்கு ஒரு நல்ல மறுப்பு வைத்தார். நல்ல மறுப்பு, அதை நான் மழுப்ப மாட்டேன். இங்கிலாந்தில் பதினாறு வயசுப் பிள்ளைகள் எழுதும் ஆங்கிலத் தேர்வில் பேசுதல், கேட்டலுக்கு 20 சதவீதம் இருந்தது, வாத்தியார்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தாராளமாக அள்ளிப் போடுகிறார்கள், சரிபார்க்க வழியில்லை என்று 2014இல் அதை மொத்த மதிப்பெண்ணில் இருந்து எடுத்துவிட்டார்கள் என்றார். உண்மைதான். அதற்கு அப்புறம் என்ன நடந்தது என்பதையும் சொல்லியிருக்கலாம். மதிப்பெண்ணை எடுத்தார்களே தவிரப் பேச்சை எடுக்கவில்லை. இன்றைக்கும் ஒவ்வொரு மாணவரும் ஒரு தலைப்பில் பேசி, கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். தேர்ச்சி, சிறப்பு, மிகச் சிறப்பு என்று சான்றிதழில் தனியாக வரும். தராசு சரியில்லை என்றால் தராசை மாற்றுவோம், அரிசியைக் கொட்டுவோமா? பிரான்சில் 2021 முதல் பள்ளி இறுதித் தேர்விலேயே இருபது நிமிஷம் வாய்மொழித் தேர்வு வைத்துவிட்டார்கள்.

அதே இங்கிலாந்தில் 1965இல் ஆண்ட்ரூ வில்கின்சன் என்ற கல்வியாளர், எழுத்தறிவுக்கு ‘லிட்டரசி’ என்று ஒரு சொல் இருக்கிறது, பேச்சறிவுக்குச் சொல்லே இல்லையே என்று யோசித்து, ‘ஒரசி’ என்று ஒன்றை உண்டாக்கினார். நம் காதுக்கு ‘உரசி’ என்று கேட்கிறது. கேட்கட்டும், உரசினால்தானே தீக்குச்சி பற்றுகிறது!

நம் ஊரிலும் முயற்சி நடக்காமல் இல்லை. 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது எழுத்துத் தேர்வுக்கு 60, வளரறி மதிப்பீட்டுக்கு 40 என்று பிரித்தார்கள். பிள்ளை பேசலாம், நடிக்கலாம், செய்து காட்டலாம் என்று அதில் இடம் இருந்தது. நாம் என்ன செய்தோம்? பிள்ளையைச் சார்ட் வாங்கி வரச் சொன்னோம். ராத்திரி பத்து மணிக்கு அப்பா கடை கடையாய் அலைந்து சார்ட் வாங்குவார், அம்மா படம் வெட்டுவார், அக்கா ஸ்கெட்ச் பேனாவில் தலைப்பு எழுதுவார். பிள்ளை தூங்கிவிடும். மறுநாள் பிள்ளைக்கு ‘ஏ’ கிரேடு. இதில் என் கையும் கறைதான்.

“நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் எல்லாரையும் எப்படிப் பேச வைப்பது, நேரம் எங்கே?” என்று தலைமையாசிரியர் ஐயா கேட்டார். நியாயமான கேள்வி. கணக்குப் போடுவோம். ஒரு பாடவேளை 40 நிமிஷம். 30 நிமிஷம் நானே பேசிவிடுகிறேன். மிச்சம் 10 நிமிஷத்தை 40 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 15 வினாடி. “குட் மார்னிங் டீச்சர்” சொல்வதற்குள் முடிந்துவிடும். ஆனால் “பக்கத்துல இருக்கிறவன்கிட்ட இதை உன் வார்த்தையில சொல்லு” என்று ஐந்தே ஐந்து நிமிஷம் விட்டுப் பாருங்கள். ஒரே நேரத்தில் இருபது பேர் பேசுவார்கள், இருபது பேர் கேட்பார்கள். பாதியில் ஆள் மாற்றினால் ஆளுக்கு இரண்டரை நிமிஷம். பத்து மடங்கு! செலவு என்ன? கொஞ்சம் சத்தம். அவ்வளவுதான். வராந்தாவில் போகிற தலைமையாசிரியர் ஜன்னலில் எட்டிப் பார்த்து “என்ன டீச்சர், சந்தைக்கடை மாதிரி இருக்கு?” என்பார். ஐயா, நீங்களே என்னைக் கேட்டிருக்கிறீர்கள், ஞாபகம் இருக்கிறதா? சந்தையில்தான் ஐயா வியாபாரம் நடக்கும். சத்தமில்லாத சந்தையைக் காட்டுங்கள், அன்றைக்கு லீவாக இருக்கும்.

நடுவர் மணியில் கையை வைத்துவிட்டார். இன்னும் இரண்டே விஷயம்.

எங்கள் பள்ளிச் சுவரில் பெரிய எழுத்தில் 1098 என்று எழுதி வைத்திருக்கிறோம். குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் கூப்பிட வேண்டிய எண். பக்கத்திலேயே பள்ளிக் கல்வித் துறையின் 14417. அழகான எழுத்து, நல்ல பெயின்ட். ஆனால் அது போன் நம்பர். அந்தப் பக்கம் எடுத்ததும் இந்தப் பக்கம் ஒரு குரல் வேண்டும். “வாயைப் பொத்து, பெரியவங்க சொன்னா எதிர்த்துப் பேசாதே” என்று பத்து வருஷம் பழக்கிவிட்டு, ஒரு பெரியவன் தப்பு செய்யும்போது மட்டும் பிள்ளை எப்படிப் பேசும்? பேசாத பிள்ளைமேல் குற்றம் சொல்லவே மாட்டேன். பொத்த வைத்த கை நம்முடையது.

கடைசியாக, அந்தக் கரும்பலகை. போன வருஷம் என் வகுப்பில் பட்டியலின் தலைப்பை மாற்றச் சொன்னேன். ‘பேசியவர்கள்’ வேண்டாம், ‘பேசாதவர்கள்’ என்று எழுது என்றேன். அடிப்பதற்கு இல்லை. இன்றைக்கு யார் வாயே திறக்கவில்லை என்று தெரிந்தால் நாளைக்கு முதல் கேள்வியை அங்கே கேட்கலாம் என்று. லீடர் பையனுக்கு இது பிடிக்கவே இல்லை, அவன் வருமானமே போய்விட்டது. முதல் வாரம் பதினொரு பேர். அப்புறம் ஏழு, நாலு. ஒரு பிள்ளையின் பேர் மட்டும் மூணு வாரம் அழியவே இல்லை. கேட்டால் தலையை ஆட்டும். சிரிக்கும். ஒரு சொல் வராது.

ஒருநாள் ஆபீஸ் ரூமுக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன். லீடர் பழைய குணத்துக்குத் திரும்பிவிட்டான். கோடு போட்டு, ‘பேசியவர்கள்’ என்று தலைப்பு எழுதி, கீழே ஒரே ஒரு பேர். அந்தப் பிள்ளையுடைய பேர். பக்கத்தில் மூணு இண்டு மார்க். “டீச்சர், சொல்லச் சொல்லக் கேக்காம பேசிக்கிட்டே இருந்தா டீச்சர்” என்றான். நான் அவளைப் பார்த்தேன். அவள் பக்கத்தில் அந்த 26 பையன் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

“என்னம்மா பேசின?”

“ரெண்டுல எட்டு போகலைன்னா பக்கத்து வீட்டு அஞ்சுகிட்ட ஒரு பத்து கடன் வாங்கணும்லா டீச்சர். இவன் வாங்கவே மாட்டேங்கான். அதைத்தான் சொன்னேன்.”

நான் லீடர் கையில் இருந்த சாக்பீஸை வாங்கினேன். அவள் பேருக்குப் பக்கத்தில் நாலாவது இண்டு மார்க்கையும் போட்டு, கீழே ‘மிக அதிகம்’ என்று எழுதினேன்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, உட்காருகிறேன். வணக்கம்.